சுவரைப் பார்த்த விளக்கு

அத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அவருடைய படத்தைப் பார்ப்பவர்களில் பலர், சன்னல் ஓரத்தில் உட்கார வைத்து எடுத்ததா என்று கேட்கிறார்கள். முகத்தின் இடப்புறத்தில் இதமான வெளிச்சம். அது மூக்கைத் தாண்டி மெல்ல மங்கிக் காதோரம் நிழலாகிவிடுகிறது. அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அந்தப் பக்கம் சன்னல் கிடையாது.

2008இல் முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்கிக்கொண்டு பொங்கலுக்குக் கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தேன். அத்தைக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கேமராவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு படம் எடுத்துக் குடு தம்பி, பின்னால மாட்டறதுக்கு ஆகும்" என்றார். 'பின்னால' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாமா இறந்தபோது தனிப்படம் ஒன்றுகூட இல்லாமல், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து அவரை வெட்டிப் பெரிதாக்கினார்கள். சட்டத்தின் ஓரத்தில் வேறொருவரின் தோள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பது அத்தையின் கவலை.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு. பகலிலும் அரை இருட்டு. ஃப்ளாஷ் இல்லாமல்தான் முதலில் எடுத்தேன். அத்தைக்கு முதுமையில் தலை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். எட்டில் ஒரு பங்கு நொடி ஷட்டர் திறந்திருந்ததில் முகம் இரண்டு முகமாகப் பதிந்தது. பிறகு கேமராவின் தலையில் துள்ளி நிற்கும் சிறிய ஃப்ளாஷைப் போட்டேன். நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு, பின்சுவரில் கன்னங்கரிய நிழல், பாதி மூடிய கண்கள். கேமராவின் சிறு திரையில் அதைப் பார்த்த அத்தை, "பொணத்துக்கு எடுத்த மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதுவரை ஃப்ளாஷ் மீது எனக்கு ஓர் இலக்கிய ரசிகனின் அலட்சியம் இருந்தது. ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், உள்ள வெளிச்சத்துக்கு மரியாதை தரவேண்டும் என்பதற்காகவே ஃப்ளாஷைத் தவிர்த்தவர் என்று படித்திருந்தேன். 1880களில் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் இரவில் ஃப்ளாஷ் பொடியைக் கொளுத்திப் படமெடுத்த ஜேக்கப் ரீஸின் படங்களில், திடுக்கிட்டு விழிக்கும் முகங்கள் இருக்கின்றன. அந்தப் படங்கள் பலருடைய மனசாட்சியை உலுக்கின என்பது உண்மை. ஆனாலும் அம்முகங்களில் விழுந்தது ஒரு வகையான அடி என்றே எனக்குத் தோன்றும். அத்தைக்கு நான் செய்ததும் அதுதான். ஆனால் ஆடும் தலைக்கு வேறு வழியும் இல்லை. ஃப்ளாஷ் கண் விழித்து மூடும் நேரம் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1957இல் ஒரு பால்துளி தெறித்து கிரீடமாக எழும் கணத்தைப் படமாக்கியது இத்தகைய ஒளித்துடிப்பைக் கொண்டுதான். பால்துளியை நிறுத்த முடிந்த ஒன்றால் அத்தையின் தலையை நிறுத்த முடியாதா என்ன?

சென்னைக்குத் திரும்பியதும் தனி ஃப்ளாஷ் ஒன்று வாங்கினேன். நான்கு பேட்டரிகளைப் போட்டு விசையைத் தட்டினால் கொசுவின் ரீங்காரம்போல ஓர் ஒலி மெலிதாகத் தொடங்கி, உச்சத்துக்குப் போய் அடங்கும். உள்ளே மின்தேக்கி நிறைகிறது என்று பொருள். அதன் கையேட்டில் வழிகாட்டி எண் என்று ஒரு கணக்கு இருந்தது. எண் 36 என்றால், ஐஎஸ்ஓ 100இல், அதை மீட்டரில் உள்ள தொலைவால் வகுக்க வேண்டும். நாலரை மீட்டருக்கு லென்ஸின் துளை எஃப் 8. தொலைவு இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். முன்னால் நிற்பவர் வெளுத்தும் பின்னால் நிற்பவர் இருண்டும் போகிற கல்யாணப் படங்களின் மர்மம் அன்று விளங்கியது.

விளங்க நெடுநாள் பிடித்தது வேறொன்று. ஃப்ளாஷ் போட்ட படம் ஒவ்வொன்றும் இரண்டு வெளிச்சங்களின் படம். அறையின் வெளிச்சம் ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஃப்ளாஷின் வெளிச்சம் ஒரே மொத்தமாக வந்து கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே ஷட்டரின் வேகத்தைக் குறைத்தால் அறை ஒளிரும். ஃப்ளாஷ் விழுந்த முகம் ஏறக்குறைய மாறாது. இது தெரியாமல் வேகத்தை ஐந்நூறில் ஒரு பங்குக்கு ஏற்றிவிட்டு, படத்தின் பாதி கறுப்புப் பட்டையாக வந்ததைக் கண்டு கேமரா பழுதாகிவிட்டதென்று பயந்ததும் உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஷட்டர் ஒரே சமயத்தில் முழுமையாகத் திறப்பதில்லை. இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு கீற்றுதான் நகர்கிறது. அந்தக் கீற்றுக்கு வெளியே ஃப்ளாஷ் மின்னி என்ன பயன்?

பிறகு ஒருநாள் ஃப்ளாஷின் தலையைத் திருப்பிக் கூரையைப் பார்க்க வைத்தேன். வெள்ளைக் கூரை முழுவதும் விளக்காக மாறியது. சிறிய விளக்கு கடுமையான நிழலைத் தருகிறது. பெரிய விளக்கு மென்மையான நிழலைத் தருகிறது. கையளவு விளக்கைப் பெரிதாக்க ஒரு சுவர் போதும். பார்க்கிற திசையிலிருந்தே வெளிச்சமும் வரவேண்டும் என்று எனக்குள் இருந்த எண்ணம் அன்று போயிற்று. சமையலறைப் பாத்திரங்களையும் மனைவியையும் பொறுமை தீரும்வரை படமெடுத்தேன். பொறுமை தீர்ந்தது மனைவிக்குத்தான்.

2009 சித்திரையில், எல்லாம் கற்றுவிட்ட மிதப்போடு ஊருக்குப் போனேன். அத்தை ஒரு புடவையை மாற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போல ஃப்ளாஷை மேலே திருப்பி எடுத்தேன். படம் இருட்டு. எங்கள் வீட்டுக் கூரை வேறு, அத்தை வீட்டுக் கூரை வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. உயரத்தில் அடுப்புப் புகை படிந்த ஓடுகள். போன வெளிச்சம் திரும்பி வரவில்லை. பக்கச் சுவருக்குத் திருப்பினேன். அது கடைசி மகன் கல்யாணத்துக்காகப் பச்சை டிஸ்டம்பர் அடித்த சுவர். அத்தையின் முகமும் பச்சையானது. சுவர் தன் நிறத்தைக் கொடுக்காமல் வெளிச்சத்தைக் கொடுப்பதில்லை.

நான் நாலாபுறமும் திரும்புவதைப் பார்த்து, "என்னடா தேடறே?" என்றார்.

"வெள்ளையா ஒரு சுவர் வேணும் அத்தை."

அவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மாமாவின் எட்டு முழ வேட்டியோடு வந்தார். நாலு வருடமாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்ததில் மடிப்புக்கோடுகள் அழியாமல் இருந்தன. துணி காயப்போடும் கொடியைக் கூடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டி, வேட்டியை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டோம். ஃப்ளாஷை அதை நோக்கித் திருப்பினேன்.

இப்போது வெளிச்சம் வந்தது. ஆனால் கண்கள் பாதி மூடியே இருந்தன. தானியங்கி முறையில், அளவு பார்ப்பதற்காக ஃப்ளாஷ் முதலில் ஒருமுறை சிறிதாக மின்னுகிறது. அடுத்த கணமே முழுதாக மின்னுகிறது. முதல் மின்னலுக்கே இமைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தை அந்த ரகம். போன வருடம் அவர் கண்ணைக் குறை சொன்னது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. தானியங்கியை நிறுத்திவிட்டு, ஃப்ளாஷைப் பாதி சக்தியில் வைத்து, துளை எஃப் 5.6, ஷட்டர் 1/125 என்று நானே அமைத்து எடுத்தேன். அந்தப் படம்தான் இப்போது கூடத்தில் இருக்கிறது.

திரையை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தலை ஆடலியே" என்றார்.

பிறகு வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்து, பழைய மடிப்பின்மேலேயே மடித்து உள்ளே கொண்டுபோனார்.

2013இல் அத்தை போய்ச் சேர்ந்தார். படம் சொன்னபடியே மாட்டப்பட்டது, மாமாவின் படத்துக்குப் பக்கத்தில். சன்னல் ஓரத்தில் எடுத்ததா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.