கசகசாக் குருமாவும் ஒரு சிறுநீர்ச் சோதனையும்

வளைகுடாவில் கட்டுமானத் தளமொன்றில் சாரம் கட்டும் என் தங்கை மகன், விடுப்பு முடிந்து திரும்பிய மறுநாளே அழைத்தான். தளத்தில் எடுத்த சிறுநீர்ச் சோதனையில் அபினி வகைப் போதைப்பொருள் தென்பட்டதாம். "வல்லாஹி மாமா, நான் எதையும் தொடவில்லை" என்று அழுதான்.

நம்பினேன் என்று எழுத ஆசைதான். நம்பவில்லை. "உண்மையைச் சொல், உம்மாவிடம் சொல்லமாட்டேன்" என்றேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். தவறான எண்ணம் குறித்த அல்ஹுஜுராத் வசனத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவன் நான்.

விவரம் அறிந்த மருந்துக்கடை நண்பர்தான் கேட்டார்: "புறப்படுமுன் தம்பி என்ன சாப்பிட்டார்?" வலீமா விருந்து, கசகசா அரைத்த குருமா, இரண்டு வேளை. கசகசா அபினிச் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மார்பின் ஓரிரு நாள் சிறுநீரில் தெரியக்கூடும். இதனாலேயே அமெரிக்க அரசு 1998இல் தன் பணியிடச் சோதனை வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தியது. அமீரகத்திலோ கசகசாவைக் கொண்டுசெல்வதே தடை. நம் பெண்கள் மசாலாப் பொட்டலம் கட்டும்போது இதை நினைவில் கொள்ளட்டும்.

சோதனையே கூடாது என்பேனா? உயரத்துச் சாரத்தில் போதையில் ஒருவன் தடுமாறினால் கீழே நிற்பவனும் சாவான். ஆனால் பட்டைச் சோதனை முதற்படிதான், தீர்ப்பன்று. ஆய்வகத்தின் இரண்டாம் சோதனையைக் கேட்கச் சொன்னேன். ஒன்பது நாள் ஊதியமின்றி அறையில் கிடந்தான். பின்னர், அளவு வரம்புக்குக் கீழ் என அறிக்கை வந்தது.

அன்றிரவே உம்மாவுக்கு அழைத்துப் பேசினான். என்னை அழைக்க மேலும் இரண்டு வாரம் ஆயிற்று.