ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

சென்ற வருஷம் நம் ஊர் வியாபாரி ஒருவர் தம் கடையின் பெயரால் வெள்ளிக் கோப்பை வைத்து, டிக்கெட் விற்று, காற்பந்துப் பந்தயம் நடத்தினார். நம் பள்ளிக்கூடத்துக் கோஷ்டி இறுதி ஆட்டம் வரையில் வந்துவிட்டது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதானே கூட்டம் சேரும், டிக்கெட் செலவாகும்! கோல் காக்கும் பையன் கிறிஸ்தவன். "அப்பா போக வேண்டாமென்கிறார், ஸார்" என்று வந்து நின்றான். "ஆராதனை காலையில், ஆட்டம் மாலையில். இதில் என்னடா தடை?" என்று நாம் தர்க்கம் பேசினோம். அவன் பதில் சொல்லவில்லை. ஆட வரவும் இல்லை. நான்கு கோல் வாங்கித் தோற்றோம். நம் கோபம் தணிய ஒரு வாரம் ஆயிற்று.

தணிந்தபின், இந்த ஆட்டத்தின் தாயகமாகிய இங்கிலாந்தின் கதையைப் புரட்டிப் பார்த்தோம். இன்று கோடிக்கணக்கில் பணம் புரளும் சங்கங்களில் பல, தேவாலய வாசலில் பிறந்த குழந்தைகளாம்! 1874-இல் தோன்றிய ஆஸ்டன் வில்லாவும், 1878-இல் தோன்றிய எவர்ட்டனும் மெதடிஸ்ட் ஆலயத்து வாலிபர்கள் ஏற்படுத்தியவை. இன்னும் ரஸமானது போல்ட்டன் நகரத்துக் கதை. அங்கே 1874-இல் ஒரு பாதிரியாரும், அவருடைய ஆலயத்துப் பள்ளி உபாத்தியாயரும் சேர்ந்து ஒரு கோஷ்டியை அமைத்தார்கள். (உபாத்தியாயர் என்றதும் நமக்குச் சற்றுப் பெருமைதான்!) ஆனால் பாதிரியார் தாம் இல்லாமல் கூட்டம் கூடக் கூடாதென்றார். 1877-இல் ஆட்டக்காரர்கள் வெளியேறினார்கள். நிலையான மைதானம் கிடைக்காமல் திண்டாடியதால், 'வாண்டரர்ஸ்', அதாவது அலைந்து திரிவோர், என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1885-இல் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்க அநுமதி வந்தது. சம்பளத்திற்கு வசூல் வேண்டும். வசூலுக்குக் கூட்டம் வேண்டும்.

ஆயினும் ஞாயிறு மட்டும் வெகுகாலம் தேவாலயத்தின் வசமே இருந்தது. அன்று காசு வாங்கி வேடிக்கை காட்டலாகாதென்று 1780-ஆம் வருஷத்துச் சட்டமொன்று தடுத்தது. 1974 ஜனவரியில் மின்சாரப் பஞ்சம் வந்தது. இரவில் விளக்குப் போட்டு ஆட வழியில்லை. சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பகலைப் பிடித்துக்கொண்டன. சட்டத்திற்கு என்ன செய்தன தெரியுமா? உள்ளே போக இலவசம். ஆனால் ஆட்டக்காரர் பெயர் அச்சிட்ட தாளை விலைக்கு வாங்கியாக வேண்டும்! அந்தத் தாளுக்கு டிக்கெட்டின் விலை.

நியூஸிலாந்து ரக்பி வீரர் மைக்கேல் ஜோன்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடமாட்டார். 1991-இல் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம் ஞாயிறன்று வந்தது. அவர் விலகி நின்றார். அவருடைய நாடு தோற்றது. அவரோ பேர் பெற்ற வீரர். நம் பையனுக்கு வயது பதினான்கு. அவனோடு தர்க்கம் பேசியவர் அவனுக்குப் பரீட்சையில் மார்க் போடுகிறவர்.

இந்த வருஷத்துக் கோப்பைக்கும் அறிவிப்பு வந்திருக்கிறது. இறுதி ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றலாகாதா என்று வியாபாரியிடம் கேட்டுப் பார்த்தோம், அவர் சிரித்தார். ஆட்டக்காரர் பெயர்களை நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் கோல் காப்பவனுக்குரிய முதல் வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.