ஈரமும் உருவமும்

கொடகவெலத் தோட்டங்களிற் பயிரை வளர்க்கும் ஈரமே கமெராவுக்குப் பகையாகின்றது. மின்சுற்றில்லாப் பழைய கமெராக்களின் உலோக உடல் ஈரத்தை ஓரளவு தாங்கும். முதலில் நலிவது வில்லையே. சாரீரப்பதன் நூற்றுக்கு 70ஐக் கடந்து நீடிப்பின் பூஞ்சணம் படர்ந்து, தான் சுரக்கும் அமிலத்தால் வில்லையின் மேற்பூச்சை அரிக்கின்றது. துடைப்பினும் வடு மறைவதில்லை. தோலுறையுட் பூட்டிவைப்பது காப்பன்று, பூஞ்சணத்துக்கு அளிக்கும் புகலிடமே. காற்றோட்டமும் சிலிக்கா ஜெல்லுமே உற்ற காவல்.

படச்சுருளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதன் ஜெலற்றின் படலமே பூஞ்சணத்துக்கு உணவு.

1875இல் இலங்கையிற் குடியேறிய ஜூலியா மார்கரெட் கெமரோன் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். எஞ்சிய சில படங்களை அருங்காட்சியகங்கள் பேணுகின்றன; படத்திலுள்ளோர் பெயர்களோ பெரும்பாலும் பதிவாகவில்லை. லயத்துச் சுவரின் நிலை இதற்கு மறுதலை: பெயர் நினைவிலுண்டு, உருவம் கரைகின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரு நாடுகளுக்கெனப் பிரித்த குடும்பங்கள் பலவற்றில், கடல்கடந்து சென்றாரின் முகம் அத்தகைய படங்களிலேயே தங்கியுள்ளது.

கமெரா பழுதுற்றால் வேறொன்று வாங்கலாம். முகம் அழிந்தால் மீளாது. பெயர் சொல்லும் முதியோர் வாழும்போதே அப்படங்களைப் பெயரோடு படியெடுத்தல் கற்றோர் கடனாகும்.