ஒரு மணி நேரம்தானே!

"ஒரு மணி நேரம்தானேம்மா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துருவே" என்று மகன் போனில் சொன்னபோது நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மருமகளுக்கு வளைகாப்பு. வீடு பல்லாவரத்தில். முகூர்த்த மாசம் என்பதால் எந்த ரயிலில் பார்த்தாலும் வெயிட்டிங் லிஸ்ட். போகும்போது விமானம், திரும்பும்போது வைகை எக்ஸ்பிரஸ் என்று அவனே டிக்கெட் போட்டுவிட்டான். விமானத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். இன்று வரை சொல்லவில்லை.

எங்கள் வையம்பட்டி திருச்சி-திண்டுக்கல் சாலையில், மணப்பாறையைத் தாண்டி இருக்கிறது. இங்கே விமானம் ஏறாத வீடு குறைவு. ஆனால் அந்த விமானமெல்லாம் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவது. எதிர்வீட்டுத் தம்பி பத்து வருஷமாகத் துபாய்க்குப் போய்வருகிறான். சென்னைக்கு என்றால் மட்டும் மணப்பாறை ஸ்டேஷன்தான். "சென்னைக்குப் போயி எவனாச்சும் ஏரோப்ளேன் ஏறுவானாக்கா?" என்று என்னையே கேட்டான். திருச்சி விமான நிலையத்துக்குப் பன்னாட்டு அந்தஸ்து கிடைத்தது 2012-இல். அதற்கு வெகு முன்பிருந்தே இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஏர்போர்ட் என்றால் அழுகையும் கட்டிப்பிடித்தலும் அட்டைப்பெட்டியுமாகத்தான் பழக்கம். சும்மா வளைகாப்புக்குப் போகிறவளாக அங்கே நிற்க எனக்கே கொஞ்சம் கூச்சம்.

காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டினேன். விமானம் பதினொன்றே காலுக்கு. திண்டுக்கல் பஸ் முன்பெல்லாம் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடும். 2025-இல் வெளியூர் பஸ்களையெல்லாம் பஞ்சப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் நிலையம் என்னவோ பெரிசுதான். ஆனால் அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ பேசினதில், விமானம் ஏறுவதற்கு முன்பே பாதிப் பணம் கரைந்தது போல ஆகிவிட்டது. 2024 ஜூனில் திறந்த புது முனையம் கண்ணைப் பறிக்கிறது. கோபுரமும் கோலமுமாக, ஸ்ரீரங்கத்தையே கண்ணாடிக்குள் வைத்தது மாதிரி இருக்கிறது. வருஷத்துக்கு 44 லட்சம் பயணிகளைக் கணக்கு வைத்துக் கட்டியதாம். அத்தனை பெரிய கூடத்தில் சென்னை விமானத்துக்கு நின்ற நாங்கள் ஒரு பஸ் கூட்டம்கூட இல்லை.

அங்கேதான் மாவடு பிரச்சினை வந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அக்கா, வாய்க்கு எதுவும் பிடிக்காத என் மருமகளுக்காக ஒரு சம்படம் நிறைய மாவடு கொடுத்தனுப்பியிருந்தாள். உடையக் கூடாது, சிந்தக் கூடாது என்று நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஊறுகாய் வகையறா கையில் எடுத்துப்போகக் கூடாது என்று தெரிந்துகொள்ளாதது என் தப்பு. சோதனை செய்த பெண் பதமாகத்தான் சொன்னாள்: "பெரிய பெட்டியில போட்டு அனுப்பிடுங்கம்மா." திரும்ப ஓடி, நல்லவேளை, பெட்டி வாங்கும் இடம் மூடுவதற்குள் சேர்த்துவிட்டேன். பல்லாவரத்தில் பெட்டியைத் திறந்தபோது வளைகாப்புக்கு என்று வைத்திருந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையின் முந்தானையில் மாவடுத் தண்ணீர் தேசப்படம் வரைந்திருந்தது. மருமகள் மாவடுவைத்தான் பார்த்தாள், புடவையைப் பார்க்கவில்லை. அதுவரைக்கும் சரி.

விமானம் அரை மணி தாமதம். சின்ன விமானம், இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற ஏடிஆர். அதில் ஒரு வசதி உண்டு: இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரை நன்றாகத் தெரியும். எங்கேயோ ஒரு மணல் கோடு தெரிந்தது. காவிரியா கொள்ளிடமா என்று நான் தீர்மானிப்பதற்குள் மேகம். அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டில். அப்புறம் மீனம்பாக்கம். மகன் சொன்னது பொய்யில்லை, மேலே இருந்தது ஒரு மணி நேரம்தான். பெட்டி வந்து, மகன் வீட்டுப் படியேறும்போது மணி ஒன்றே முக்கால். ஏழு மணிக்குப் புறப்பட்டவள். அதுவும் பல்லாவரம் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து ஊர். எழும்பூருக்கோ பெரம்பூருக்கோ போகிறவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம்.

திரும்பும்போது மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பி, மின்சார ரயிலில் தாம்பரம் வந்து வைகையைப் பிடித்தேன். 1977 ஆகஸ்ட் 15-இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய வண்டி. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்ததே இதில்தான். டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். முன்பதிவுப் பெட்டியில் முன்பதிவு இல்லாதவர்கள் கைப்பிடியில் உட்கார்ந்து வருவதையும், கழிப்பறையையும் நான் நியாயப்படுத்தப்போவதில்லை. செங்கல்பட்டு தாண்டும்வரை என் தோளில் யாரோ ஒருவருடைய பை இருந்தது.

ஆனால் இந்த ரயில் பாதையில் அரியலூருக்குப் பிறகு நான் தூங்கமாட்டேன். ஊரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலம். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது இங்கேதான். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். என் அப்பா பாலம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் கல்லக்குடி. டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி 1953-இல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த இடம். அப்புறம் லால்குடி வாழைத் தோப்புகள். கொள்ளிடம் பாலத்தில் வண்டி சத்தம் மாறும்போது பெட்டியில் பாதிப் பேர் ஒரே பக்கம் திரும்புகிறார்கள், 236 அடி ராஜகோபுரத்துக்காக. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் அக்கா நின்றிருந்தாள். காலி சம்படத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "புடவைக்கு என்னடி ஆச்சு?" என்றாள். மருமகள் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்! வண்டி கிளம்பிவிட்டது.

மணப்பாறையில் இறங்கி, வீடு வந்து சேர்ந்தபோது எட்டு மணி. போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஏழு. விமானம் மிச்சப்படுத்தியது கால் மணி.

தில்லிக்கோ மும்பைக்கோ என்றால் நான் மறுபேச்சில்லாமல் விமானம் ஏறுவேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடும் கிண்டியில் வேலையும் உள்ளவர்களுக்குச் சென்னை விமானமும் சரிதான். எங்களுக்கு அது ஒத்துவராது. சாவுச் செய்தி வந்தால்கூட எங்கள் ஊரில் யாரும் ஏர்போர்ட்டை நினைப்பதில்லை. காரைப் பிடிப்பார்கள், இல்லையென்றால் நெடுஞ்சாலையில் நின்று வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் வண்டியின் வேகம் கூடக் கூட, அது நிற்கிற இடம் எங்களைவிட்டுத் தள்ளிப்போகிறது. பாசஞ்சர் வையம்பட்டியிலேயே நிற்கும். வைகை மணப்பாறையில். 2023 செப்டம்பரில் வந்த நெல்லை வந்தே பாரத் திருச்சியில் நிற்கும், அடுத்து திண்டுக்கல்லில். நடுவில் இருக்கிற நாங்கள் அதன் ஹாரனைத்தான் கேட்கிறோம். விமானம் இன்னும் தள்ளி, திருச்சிக்கும் அந்தப் பக்கம் புதுக்கோட்டை சாலையில்.

வைகைகூட மணப்பாறையில் என்னை இறக்கிவிட்டு மதுரைக்குப் போவது எங்கள் ஊர் வழியாகத்தான். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து, முறுக்கு நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வருவதற்குள் வைகை வையம்பட்டியைத் தாண்டிவிட்டது.