செல்டாவின் முதல் ஆட்டமும் வெற்றுக் கட்டங்களும்



ஆசிரியர்களும் பெற்றோர்களும் வந்து படிக்கும் இடத்தில் நிகழ்பட விளையாட்டைப் பற்றி எழுதுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதில் நியாயம் உண்டு. நள்ளிரவு வரை கைப்பேசியில் விளையாடிவிட்டுக் காலையில் கண் சிவக்க வந்து அமரும் மாணவர்களை நாள்தோறும் காண்பவன்தான் நானும். எனினும் நான் சொல்லப்போவது அவ்வகை ஆட்டம் அன்று. நாற்பது ஆண்டுப் பழைமையான ஒன்று. கடந்த பள்ளி விடுமுறையில் என் மகளும் நானும் அதில் இறங்கினோம், இன்னும் கரையேறவில்லை!

ஆட்டத்தின் பெயர் 'செல்டா'. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் வெளியிட்டது. அந்த வரிசையில் பற்பல ஆட்டங்கள் வந்துவிட்டன. 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' பல இல்லங்களில் அறிமுகமான ஒன்று. 2024இல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' என்பதில் இளவரசி செல்டாவே கதைத் தலைவியாக வலம் வருகிறாள். முதல் ஆட்டத்திலோ அவள் சிறைப்பட்டுக் காத்திருப்பதோடு சரி. லிங்க் என்னும் சிறுவன்தான் அலைந்து திரிய வேண்டும். "அப்பவே அவளை விளையாட விட்டிருக்கலாம்ல, அப்பா?" என்று மகள் கேட்டாள். நியாயமான வினா.

என் இளமைக் காலத்தில் இந்த ஆட்டம் கைக்கு எட்டவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரவுச் சந்தையில் விற்ற மலிவுக் கருவியில் மாரியோவும் கொன்ட்ராவும் ஆடி மகிழ்ந்த தலைமுறை எங்களுடையது. ஜப்பானில் செல்டா முதலில் வட்டில்தான் வந்தது. அந்நாட்டின் ஃபேமிகாம் கருவிக்கான கார்ட்ரிட்ஜாக அது வந்தது 1994இல்தான். எனவே என் மகளைப் போலவே எனக்கும் இது முதன்முறை. வழி தெரிந்தவன் என்னும் தகுதி எனக்கும் இல்லை என்பதை நினைவிற் கொள்க.

ஆட்டம் தொடங்குகிறது. சிறுவன் வெட்டவெளியில் நிற்கிறான். மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று திசைகளும் திறந்திருக்கின்றன. இடப்புறம் மேலே கருப்பாக ஒரு குகை வாயில். "இங்கே போ, இதை அழுத்து" என்று சொல்லும் குரல் இல்லை, அம்புக்குறி இல்லை. கையில் வாளும் இல்லை. குகைக்குள் நுழைந்தால் இரு தீக்கொழுந்துகளுக்கு இடையே ஒரு முதியவர் நின்று மரவாள் ஒன்றைத் தருகிறார். நுழையாமல் போனால் வெறுங்கையோடு அலைய வேண்டியதுதான்.

மகள் நுழையவில்லை. திரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். "எங்கே போகணும்னு சொல்லலையே" என்றாள். "தெரியாது" என்றேன். உண்மையிலேயே தெரியாது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இங்கே அவளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டில் பயில்கிறாள். விடை உறுதியாகத் தெரிந்தால் அழகாக எழுதுவாள். ஐயம் வந்தால் எழுதவே மாட்டாள். பிழையாக எழுதுவதைவிட வெற்றிடமாக விடுவது மேல் என்பது அவள் கொள்கை. தாள் கிழியும்வரை அழிப்பானால் தேய்ப்பதும் உண்டு. என் வகுப்பிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டு வகுப்புசார் மதிப்பீட்டுக்கு முதன்மை வந்தபோது இந்த அச்சம் குறையும் என நம்பியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் தேர்வு போனாலும் பிழை குறித்த அச்சம் போகவில்லை. அண்மையில் நான்காம் ஆண்டு மாணவர்க்கு ஒரு புதிர்ப் பயிற்சியை விடையின்றிக் கொடுத்தனுப்பினேன். அன்றிரவே பெற்றோர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி: "சார், விடைத்தாள் இணைக்கவில்லையே?" பிள்ளைக்கு ஒரு நாள்கூடத் தெரியாமல் இருக்கக் கூடாது!

ஆட்டத்தை உருவாக்கியவருள் முதன்மையானவர் ஷிகேரு மியமோத்தோ. கியோத்தோ மாநிலத்துச் சொனொபே என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவயதில் காடு மேடெல்லாம் சுற்றியவர், குகை ஒன்றைக் கண்டு விளக்கோடு உள்ளே போனவர். அந்த உணர்வைத்தான் இந்த ஆட்டத்தில் கொண்டுவர விரும்பியதாக அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். உருவாக்கத்தின்போது ஆடிப் பார்த்தவர்கள் வழி தெரியவில்லை எனக் குறைபட்டனராம். அவரோ வழிகாட்டுவதற்கு மாறாகத் தொடக்கத்திலேயே கையிலிருந்த வாளையும் பறித்துவிட்டார். ஆடுவோர் தம்முள் பேசி, கண்டதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். பயிற்சிக் கழகத்தில் நமக்குக் கற்பித்த எந்தப் பாடத் திட்டத்திலும் இப்படியொரு பீடிகை இல்லை.

வெளியுலகம் பக்கவாட்டில் 16, மேல்கீழாக 8 என 128 திரைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அதனுள் ஒன்பது நிலவறைகள் மறைந்திருக்கின்றன. முதல் எட்டிலும் முக்கோணத்தின் ஒவ்வொரு துண்டு, ஒன்பதாவதில் பகைவன். அந்நாளில் பெட்டியோடு கையேடும், உலகின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் வரைபடமும் வந்தன. மீதியை ஆடுபவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். எங்களிடம் அந்த வரைபடம் இல்லை. ஆகவே கணிதப் பாடத்துக் கட்டத்தாள் இரண்டை ஒட்டிப் பதினாறுக்கு எட்டு எனக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவே என் பங்கு.

மூன்றாம் நாள் ஆட்டத்தின் இயல்பு மாறியது. கருவியைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடுக்கத் தொடங்கினாள். மரத்துக்குப் பச்சை, பாறைக்குப் பழுப்பு, கடைக்கு ஒரு சிறு வீடு. ஏதோ இருக்கும் போலத் தோன்றும் இடத்துக்குக் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியை நான் சொல்லித் தரவில்லை.

ஆட்டத்தில் ரூப்பி என்றொரு செல்வம் சேர்க்கலாம். ("ரூபாயா, அப்பா?") எத்தனை பகைவரை வீழ்த்தினாலும் அது 255ஐத் தாண்டாது. ஏன் 300 இல்லை, ஏன் 250 இல்லை என்று கேட்டாள். அக்காலக் கருவி எண்ணை எட்டு இடங்களில் எழுதும், ஒவ்வோர் இடத்திலும் சுழியமோ ஒன்றோதான் நிற்கும் என்று சொல்லி, இரண்டை எட்டு முறை பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 256 வந்தது. "ஒன்று கூடுதலா இருக்கே?" சுழியமும் ஓர் எண்தானே என்றதும் முகம் மலர்ந்தது. இரட்டை எண்முறையை இதைவிட எளிதாகக் கற்பிக்க எனக்கு வாய்த்ததில்லை.

சில குகைகளில் சூதாட்டமும் உண்டு. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 20 அல்லது 50 கிடைக்கலாம். 10 அல்லது 40 பறிபோகவும் கூடும். பெற்றோர் இதை அறிந்திருப்பது நலம். என் மகள் நான்கு முறை தொடர்ந்து தோற்றுவிட்டு, அந்தக் குகைக்கு வரைபடத்தில் சிவப்பாகப் பெருக்கல் குறி இட்டாள்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட முடியாது. இந்த ஆட்டத்தில் மறைத்து வைத்தலும் கற்பித்தலும் ஒன்றாகிவிடும் இடங்கள் பல, ஆகாத இடங்களும் பல. நல்ல புதிருக்குச் சான்று சொல்கிறேன். உலகில் தேவதை வாழும் குளங்கள் உண்டு. அருகே சென்றால் இழந்த உயிரை மீட்டுத் தருவாள். நிலவறை ஒன்றில் முதியவர், தேவதைகள் வாழாத இடத்தில் மறைபொருள் உண்டு என்னும் பொருள்படப் பேசுகிறார். மகள் இரண்டு நாள் அதை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். பிறகு வரைபடத்தை விரித்துக் குளங்களை எண்ணினாள். ஒன்றில் தேவதை இல்லை! அங்கே போய்க் கையிலிருந்த குழலை ஊதினாள். நீர் வற்றிப் படிக்கட்டு தெரிந்தது. அவள் கூவிய கூச்சலில் அடுத்த வீட்டு அம்மா வேலியோரம் வந்து என்னவென்று கேட்டார். இங்கே விடை மறைந்திருந்தாலும் கண்டறிவதற்கான பொருள்கள் எல்லாம் அவள் கண்ணெதிரே கிடந்தன.

மறுபக்கத்தையும் பாருங்கள். நீல மெழுகுத்திரி ஒன்றை வாங்கிப் புதர்களைக் கொளுத்தலாம். சிலவற்றின் கீழ் வழி திறக்கும். ஆனால் எந்தப் புதர் என்பதற்குப் பெரும்பாலும் அடையாளமே இல்லை. ஒரு திரையில் ஒருமுறைதான் அந்தத் திரி எரியும். மீண்டும் கொளுத்த வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். பாறைச் சுவர்களும் அப்படியே. குண்டு வைத்துத் தகர்க்கக்கூடிய சுவரும் தகர்க்க முடியாத சுவரும் ஒரே தோற்றம். இது சிந்தனைக்கு வேலை அன்று. பொறுமைக்கும் அண்டை வீட்டு நண்பனுக்கும் வேலை. அமெரிக்காவில் அந்நாளில் நின்டெண்டோ நிறுவனம் தொலைபேசியில் வழிசொல்ல ஆலோசகர்களையே அமர்த்தியிருந்தது.

ஆசிரியர்கள் சிரிக்கக்கூடிய செய்தி ஒன்று. நிலவறைகளில் முயல்போல் நீண்ட செவியுடைய ஓர் உயிரி துள்ளி வரும். ஜப்பானியக் கருவியின் இரண்டாம் கைப்பிடியில் ஒலிவாங்கி இருந்தது. அதில் சத்தமிட்டால் இந்த உயிரி மாண்டுபோகும். 1987இல் ஆட்டம் அமெரிக்காவுக்குப் போனபோது அங்குள்ள கைப்பிடியில் ஒலிவாங்கி இல்லை. ஆயினும் ஆங்கிலக் கையேட்டில், இதற்குப் பேரொலி ஆகாது என்னும் குறிப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பாவம், பிள்ளைகள் குழலை ஊதி ஊதிக் களைத்திருப்பார்கள்! அங்கே பயன்படுவது அம்பு. மொழிபெயர்த்த வினாத்தாள்களோடு பழகிய தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொல் பெயர்ந்து வந்துவிடும். அது சுட்டிய பொருள் மூலமொழியிலேயே நின்றுவிடும். பிள்ளைகளோ தங்களுக்கு அறிவு போதவில்லை என்று எண்ணிக்கொள்வார்கள்.

இனி, எங்கள் வீட்டில் பூசல் விளைவித்த பொத்தானுக்கு வருகிறேன். நாங்கள் ஆடுவது ஸ்விட்ச் கருவியில் கிடைக்கும் பழைய ஆட்டத் தொகுப்பில். அதில் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் வசதி உண்டு. அடிபட்டதும் இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடித்தால் அடிபடாத நொடிக்குத் திரும்பலாம். மூல ஆட்டத்திலோ உயிர் போனால் எத்தனை இதயங்களைச் சேர்த்திருந்தாலும் மூன்றை மட்டும் நிரப்பிக்கொண்டு மீண்டும் தொடங்க வேண்டும். முதல் வாரம் மகள் அந்தப் பொத்தான்களிலேயே குடியிருந்தாள். ஒரே வாயிலில் இருபது முறை பின்னோக்கிச் சுழற்றினாள். அழிப்பானால் தாள் தேய்வதை நான் திரையில் கண்டேன். அதைத் தடுத்துவிடும்படி மனைவி சொன்னார். நான் தடுக்கவில்லை, தடுத்தால் ஆட்டத்தையே விட்டுவிடுவாள் என்று தோன்றியது.

பத்தாம் நாள் வாக்கில் அவளே ஓர் ஒப்பந்தத்தோடு வந்தாள். "சண்டைக்கு வச்சுக்கிறேன் அப்பா. வழி தேடுறதுக்கு வேணாம்." ஏன் என்றேன். "வழி தேடும்போது திருப்பினா, எங்கே போனேன்னு மறந்துபோகுது. படம் வரைய முடியலை." தவறான வழியும் வரைபடத்துக்குத் தேவை என்பதை அவள் அப்படிச் சொன்னாள். சண்டையில் விரல் வேகம் போதாமைக்கு அந்த உதவியை வைத்துக்கொண்டாள். நான் விதி வகுத்திருந்தால் முற்றாகத் தடை அல்லது முற்றாக அனுமதி என்றுதான் வகுத்திருப்பேன். அவளுடைய விதி அதைவிட நுட்பமானது.

"அதனால் கணிதம் தேறினாளா?" என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். மந்திரம் ஒன்றும் நிகழவில்லை. பள்ளி திறந்ததும் முதல் வாரமே பின்னக் கணக்குகளில் மூன்றை வெறுமையாக விட்டு வந்தாள். ஆனால் இரண்டு வாரங்களுக்குப் பின் அவளுடைய ஆசிரியை என்னை அழைத்து, ஏட்டில் சில விடைகளின் ஓரத்தில் சிறிய கேள்விக்குறி இடுகிறாளே, என்ன பொருள் என்று வினவினார். ஐயத்தோடு எழுதிய விடைகள் அவை. ஐந்தில் இரண்டு பிழை. அந்த ஆசிரியை நல்லவர். கேள்விக்குறியை அழிக்கச் சொல்லாமல், அந்தக் கணக்குகளை முதலில் பார்க்கிறார்.

எந்தப் பெற்றோரையும் இதை வாங்கச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். எங்கள் வீட்டில் வார இறுதியில் ஒரு மணி நேரம், அதுவும் ஒருவர் உடனிருந்தால் மட்டும். உடனிருப்பவர் விடை தெரியாதவராக இருப்பது மிக நன்று. பெற்றோர் இணையத்தில் விடையைத் தேடி வைத்துக்கொண்டு குறிப்புச் சொல்வதைப் பிள்ளைகள் நொடியில் கண்டுகொள்கிறார்கள். வழி தப்ப வைக்கும் காடு ஒன்று உண்டு; அதைக் கடக்கும் வரிசையை நாங்கள் காசு கொடுத்து ஒரு மூதாட்டியிடம் அறிந்தோம். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஆட்டத்தை முடித்தாலும் இரண்டாம் தேடல் ஒன்று காத்திருக்கிறதாம். நிலவறைகள் இடம் மாறிவிடும். மியமோத்தோவின் தோழர் தக்காஷி தெசுக்கா நிலவறைகளை அமைக்கையில் தவறுதலாக நினைவகத்தில் பாதியை மட்டுமே பயன்படுத்திவிட்டார். மிஞ்சிய பாதியில் பிறந்ததுதான் அந்த இரண்டாம் தேடல். இதைச் சொன்னபோது மகள் நம்பவில்லை. "தப்பா செஞ்சதையா அப்படியே வச்சுக்கிட்டாங்க?" என்று இருமுறை கேட்டாள்.

வரைபடம் இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் தொங்குகிறது. 128இல் 97 கட்டங்கள் நிரம்பியுள்ளன. எட்டாவது நிலவறை இன்னும் அகப்படவில்லை. ஏதோ ஒரு புதரின் கீழ் இருக்கிறது என்பது அவள் கணிப்பு. நேற்று மெழுகுத்திரியோடு பதினொரு திரைகள் அலைந்து பதினொன்றிலும் ஒன்றுமில்லை எனக் கண்டு, பதினொரு கட்டங்களிலும் சிறியதாய்ச் சுழியம் எழுதிவிட்டு உறங்கப் போனாள்.