இரண்டு மண் குதிரைகள்

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டு மண் குதிரைகள் இருந்தால் இறங்கலாமா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. இந்தக் காலத்தில் கேட்கிறார்கள். கேட்பதோடு நில்லாமல் இறங்கியும் விடுகிறார்கள்.

என் நண்பர் ஒருவர் புத்தக வியாபாரி. கடை இருப்பது ஒரு சந்துக்குள். வியாபாரம் நடப்பதோ இணையத்தில். அந்த வியாபாரத்தை நம்பி நாலு குடும்பங்கள் சாப்பிடுகின்றன. புத்தகங்களின் படங்கள் ஒரு நிறுவனத்திடம், வாடிக்கையாளரை அடையாளம் கண்டு உள்ளே விடுவது இன்னொன்று, பணம் வாங்குவது மூன்றாவது, 'புத்தகம் கிளம்பிவிட்டது' என்று செய்தி அனுப்புவது நான்காவது, ஆர்டர் கணக்கு ஐந்தாவது. எல்லாம் 'கிளவுட்' என்கிற வாடகைச் சேவைகள்.

"ஒருத்தனையே நம்பியில்லை, ஸார். ஐந்து பேரிடம் பிரித்து வைத்திருக்கிறேன். ஆபத்து ஐந்தில் ஒன்றாகிவிட்டது" என்றார் பெருமையுடன்.

இதை, அதே தொழிலில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "சித்தப்பா, அவர் கட்டியிருப்பது சங்கிலி. வடம் திரித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்" என்றான்.

அவன் போட்டுக் காட்டிய கணக்கு எனக்கே புரிந்ததென்றால் உங்களுக்கும் புரியும். நூற்றுக்கு 99.9 பங்கு நேரம் ஒழுங்காக வேலை செய்யும் சேவை, வருஷத்தில் எட்டே முக்கால் மணி நேரம் படுத்துவிடும். ஐந்து சேவைகளும் விழித்திருந்தால்தான் ஒரு புத்தகம் விற்கும் என்றால், ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படுக்கும் நேரமெல்லாம் சேர்ந்து, கடை வருஷத்தில் ஏறக்குறைய 44 மணி நேரம் மூடிக் கிடக்கும். கண்ணி கூடக் கூடச் சங்கிலி பலவீனப்படுகிறது. வடம் அப்படியல்ல. ஒரே வேலைக்கு இரண்டு பேர் நின்று, ஒருவர் விழுந்த உடனே மற்றவர் தாங்கிக்கொண்டால், இருவரும் சேர்ந்தாற்போல் படுப்பது வருஷத்தில் அரை நிமிஷந்தான்.

"அப்படியானால் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கிவிடலாமே?" என்றேன்.

"இரண்டு பேரும் விழுவதற்கு ஒரே காரணம் இருக்கக் கூடாது, சித்தப்பா. இருந்தால் கணக்குப் பொய்த்துவிடும்" என்றான்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. மேகம் என்று பெயர் வைத்தார்களே தவிர, அது தரையில் நிற்கும் கட்டிடம், தீப்பிடித்தால் எரியும். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஹெச் நிறுவனத்தின் கட்டிடம் ஒன்று அப்படி எரிந்து போயிற்று. மூலத்தையும் பிரதியையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின. 2025 அக்டோபர் 20ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் கிளவுடில் கோளாறு ஏற்பட்டது. சிக்னல், ஸ்னாப்சாட் என்று ஒன்றோடொன்று உறவில்லாத நிறுவனங்கள் ஒரே நாளில் தடுமாறின. பெயர்ப் பலகைகள் வேறு வேறு, அஸ்திவாரம் ஒன்று.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தோன்றுகிறது. யூனிசூப்பர் என்பது ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் ஓய்வுக்காலப் பணத்தைப் பாதுகாக்கும் நிதி. அது கூகிளிடம் வாங்கியிருந்த இடம், அமைப்பில் நேர்ந்த ஒரு பிசகினால் அழிந்துவிட்டது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள். அழிவு இரண்டிலும் நேர்ந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த பிரதிகளும் மீட்புக்குக் கைகொடுத்தன.

அதற்காக என் நண்பர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிறுவனங்களைப் பிடிக்க வேண்டுமென்பதில்லை. வாடகை இரட்டிக்கும், இரண்டு விதமான பழக்க வழக்கங்களைக் கற்றாக வேண்டும். அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று முடியும். செய்தி அனுப்புகிறவர் அரை நாள் தூங்கினால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. கடை அவருக்காகக் காத்திராமல் ஓடும்படி அமைத்தால் போதும். ஆர்டர் கணக்கு அழிந்தால் வியாபாரமே போயிற்று. எனவே அந்த ஒன்றுக்கு மட்டும், வேறு நிறுவனத்தில், வேறு ஊரில், வேறு கடவுச்சொல்லின் கீழ், எவரும் திறந்து படிக்கக்கூடிய வடிவில் ஒரு பிரதி வேண்டும். மாதம் ஒரு முறை அதைக் கொண்டு கணக்கைத் திரும்ப எழுப்பிப் பார்க்கவும் வேண்டும். எழுப்பிப் பார்க்காத பிரதி, பிரதியே அல்ல.

ஒப்பந்தத்தில் நஷ்ட ஈடு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். படித்துப் பாருங்கள்: பெரும்பாலும் அடுத்த பில்லில் கொஞ்சம் கழித்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். விற்காமல் போன புத்தகத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல. ஆகையால், புதிதாக ஒரு சேவையை வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்கட்டும்: "நீங்கள் யாருடைய தோளில் நிற்கிறீர்கள்?" ஏற்கெனவே வாங்கியிருப்பவரும் அதே தோளில் நின்றால், வேறு கடை பார்ப்பது நல்லது.