முதல் வெளிச்சம் யாருக்கு?



வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டால் முதலில் எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்? மின்விசிறியையா, தொலைக்காட்சியையா, குளிர்பெட்டியில் இருக்கும் மீனையா? 2012-ஆம் ஆண்டுக்கு முன் யாரேனும் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இன்று சிரிக்க மாட்டேன். அதற்குக் காரணமான ஓர் இரவைப் பற்றியும், அந்த இரவை எனக்கு மீண்டும் நினைவூட்டிய ஒரு கணினி விளையாட்டைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

கல்லூரியில் படிக்கும் என் இளைய மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். இரவு வெகுநேரம் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தவனைக் கண்டிக்கத்தான் அருகில் போனேன். அவன் முகம் வாடியிருந்தது. "எல்லாரும் இறந்துவிட்டார்கள், வாப்பா" என்றான். திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தேன். அது ஒரு விளையாட்டு. கனடா நாட்டின் க்ளை நிறுவனம் 2019-இல் முழுமையாக வெளியிட்ட அதன் பெயர் 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடெட்'. பிராணவாயு இதில் சேராது என்று பொருள். ஒரு விண்பாறையின் நடுவே மூன்று மனிதர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். மண்ணைத் தோண்டி, உணவு தேடி, சுவாசிக்கும் காற்றையும் தாங்களே உண்டாக்கி அவர்கள் பிழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

விளையாட்டென்றாலே வீண்பொழுது என்று எண்ணுகிறவன் நான். ஆனால் அவன் விளக்கிச் சொல்லச் சொல்ல, கண்டிக்க வந்ததையே மறந்துவிட்டேன்.

அவர்களுடைய முதல் மின்சாரம் ஒரு சக்கரத்திலிருந்து வருகிறது. மனிதன் அதனுள் ஓடினால் 400 வாட் கிடைக்கும். ஆனால் ஓடுகிறவனால் அந்நேரத்தில் தோண்டவும் முடியாது, சமைக்கவும் முடியாது. அந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்க ஒரு சிறு பேட்டரி உண்டு. அதுவோ சும்மா இருக்கும்போதும் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். சுற்றிலும் வெப்பத்தையும் பரப்பும். அடுத்த கட்டமான நிலக்கரி இயந்திரம் 600 வாட் தரும். பேட்டரி நிறைந்த பிறகும் அது நிற்காமல் நிலக்கரியைத் தின்றுகொண்டே இருக்கும். நிறைந்ததும் நிறுத்தச் சொல்லும் அறிவுள்ள பேட்டரியை ஆராய்ந்து கண்டுபிடித்த பிறகே அந்த விரயம் ஓயும். சாதாரணக் கம்பியில் 1,000 வாட்டுக்கு மேல் ஏற்றினால் கம்பியே பழுதாகிவிடும்.

"அப்படியானால் எப்படி இறந்தார்கள்?" என்று கேட்டேன்.

அவன் ஆராய்ச்சி மேசை, உணவு இயந்திரம், குளிர்பெட்டி என்று ஒவ்வொன்றாக ஒரே கம்பியில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறான். பிராணவாயு தரும் இயந்திரமும் அதே கம்பியில்தான் இருந்தது. அதற்குத் தேவை வெறும் 120 வாட். இரவில் ஆட்கள் உறங்கப் போனார்கள், சக்கரம் நின்றது. மற்ற இயந்திரங்கள் பேட்டரியைக் காலி செய்தன. இரவுகள் செல்லச் செல்லக் காற்று குறைந்தது. அவன் கவனித்தபோது காலம் கடந்திருந்தது.

நான் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். ஏனெனில் அதே தவற்றை அவனுக்கு முன்பே நான் செய்திருக்கிறேன். அது விளையாட்டில் நடந்ததன்று.

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில் கடலை நோக்கி விலகி நிற்கும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. என் பிள்ளைப் பருவத்தில் எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பு இல்லை. பங்கீட்டுக் கடையில் கிடைக்கும் மண்ணெண்ணெய்தான் அந்த மாதத்து வெளிச்சம். அதை அளந்து நடத்தியவர் என் உம்மா. மஃரிபுக்கு முன் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்துவைப்பார்கள். அடுப்படிக்கு ஒரு சிம்னி விளக்கு. படிக்கும் பிள்ளைகளுக்கு அரிக்கேன். விருந்தினர் வந்தால் மட்டுமே திண்ணையில் விளக்கு. பாடம் முடிந்ததும் திரி தாழ்ந்துவிடும். எத்தனை சிக்கனம் செய்தாலும் ஒரு குப்பியில் சிறிது எண்ணெய் தனியாக இருக்கும். "இராத்திரி யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால்?" என்பார்கள். அந்தக் குப்பியைத் தொட எங்கள் வாப்பாவுக்கும் அனுமதி இல்லை.

எங்கள் கரையில் இது ஒரு வீட்டின் கதையன்று. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததையும், கூடுதல் நேரம் படிக்கத் தம் தாயார் தமக்கெனத் தனியாக ஒரு விளக்குத் தந்ததையும் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எண்ணெய் குறைவான வீட்டில் எந்தத் தேவை முதலில் என்று அந்தத் தாய் முடிவு செய்திருந்தார்.

பிறகு மின்சாரம் வந்தது. அளந்து செலவிடும் பழக்கம் எங்களை விட்டுப் போனது.

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரையிலும், சில நாட்களில் அதற்கு மேலும் மின்சாரம் இல்லை. எங்கள் மாவட்டத்தின் வழுதூரில் இயற்கை எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையம் 2003 முதலே இயங்கிவந்தது. "பக்கத்திலேயே உற்பத்தி, நமக்கு ஏன் இருட்டு?" என்று ஊரில் பலர் கேட்டார்கள். உற்பத்தியாகும் இடத்தில் மின்சாரம் தங்குவதில்லை. மாநிலம் முழுவதற்குமான கம்பி வலையில் கலந்துவிடுகிறது. பின்னர் 2016-இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தபோதும் நிலைமை அதுதான். ஊருக்கருகே எவ்வளவு உற்பத்தியானாலும், நம் வீட்டுக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

நான் கணக்குப் போடவில்லை. இன்வெர்ட்டர் ஒன்றும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும் வாங்கினேன். கூடத்தில் தொலைக்காட்சி, மூன்று மின்விசிறிகள், இரண்டு குழல் விளக்குகள் அனைத்தையும் அதில் இணைக்கச் சொன்னேன். தெருவே இருண்டிருக்க என் வீடு மட்டும் ஒளிர்ந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

உம்மாவுக்கு அப்போது மூச்சிரைப்பு நோய். மருந்தை ஆவியாக்கித் தரும் சிறு கருவி ஒன்றை மருத்துவர் கொடுத்திருந்தார். அந்த நவம்பரில் ஓர் இரவு ஒரு மணிக்கு மேல் அவர்களுக்குத் திணறல் கண்டது. மின்சாரம் இல்லை. கருவியைச் சொருகினேன், இன்வெர்ட்டர் இரண்டு முறை கத்திவிட்டு ஓய்ந்தது. மாலை முழுவதும் நாங்கள் தொலைக்காட்சி பார்த்திருந்தோம். ஒரு மணி நேரம் மின்சாரம் வந்து மறு மணி நேரம் போகும் நாட்களில் பேட்டரி நிறைவதற்கு அவகாசமே இருப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

உம்மாவை நாற்காலியில் அமர்த்தி, நானும் என் மைத்துனரும் தூக்கிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு ஓடினோம். அவர்களிடம் இருந்தது எங்களுடையதைவிடச் சிறிய இன்வெர்ட்டர். அதில் ஒரு விளக்கையும், குழந்தை உறங்கும் அறையின் மின்விசிறியையும் மட்டுமே இணைத்திருந்தார்கள். அதனால் அந்நேரத்திலும் அதில் மின்சாரம் மிச்சமிருந்தது. கால் மணி நேரத்தில் உம்மாவின் மூச்சு சீரானது. அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் மூன்றாண்டுகள் எங்களோடு இருந்தார்கள். அந்த இரவைப் பற்றி அவர்கள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

மறுநாள் கணக்குப் போட்டேன். அந்தக் கருவிக்குச் சுமார் 120 வாட். கால் மணி நேரத்துக்கு 30 வாட்-மணி. எங்கள் கூடத்துச் சாதனங்கள் சேர்ந்து 400 வாட்டுக்கு மேல் இழுத்தன. என் உம்மாவின் மூச்சுக்குத் தேவைப்பட்ட மின்சாரத்தை எங்கள் கூடம் ஐந்தே நிமிடத்தில் விழுங்கியிருந்தது! மண்ணெண்ணெய்க் காலத்தில் ஒரு குப்பியை ஒதுக்கிவைத்த தாய்க்கு, நான் ஒன்றும் ஒதுக்கிவைக்கவில்லை.

இந்தப் படிப்பினை வீட்டோடு முடிவதன்று. நம் கரைக்கு எதிரே பாக் நீரிணையில் இருக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று இலங்கைத் தீவுகளுக்கு இந்தியாவின் நிதியுதவியோடு மின்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் அளவுகளைப் பாருங்கள்: சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட், சேமித்துவைக்க 2,400 கிலோவாட்-மணி பேட்டரி, இவற்றோடு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரம். வெயிலும் காற்றும் நிறைந்த தீவுகளுக்கே சேமிப்பும் கடைசிக் கைகாவலும் வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். உம்மாவின் குப்பியும் இதே கணக்குத்தான்.

வாசகர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். முதலில், சாதனம் வாங்குமுன் தேவைகளை வரிசைப்படுத்துங்கள். நோயாளியின் கருவி, குழந்தையின் காற்று, படிப்பவரின் விளக்கு, அடுப்படி விளக்கு ஆகியவற்றுக்குத் தனிக் கம்பி இழுத்து அதை மட்டும் இன்வெர்ட்டரில் சேருங்கள். இரண்டாவதாக, பேட்டரியை அடிமட்டம் வரை வற்றவிடாதீர்கள். அதன் ஆயுள் குறையும். உப்புக்காற்று வீசும் நம் ஊர்களில் அதன் முனைகள் விரைவில் பூத்துவிடும். துடைத்து வாசலின் தடவிவையுங்கள். வடிநீரின் அளவையும் அவ்வப்போது பாருங்கள். மூன்றாவதாக, 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் கூரைச் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த தகடுகள், மின்வெட்டு நேரத்தில் உச்சி வெயிலிலும் மின்சாரம் தரா. கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக அவை தாமாகவே நின்றுவிடும். அந்நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

என் மகன் மறுநாள் புதிதாக ஆட்டத்தைத் தொடங்கினான். இம்முறை பிராணவாயு இயந்திரத்துக்குத் தனிச் சக்கரம், தனிப் பேட்டரி, தனிக் கம்பி. "இதை எங்கே கற்றாய்?" என்றேன். "நேற்று இறந்தவர்களிடம்" என்றான். அன்றுதான் அவனுக்கு அந்த நவம்பர் இரவைச் சொன்னேன். அப்போது அவன் ஆறு வயதுப் பிள்ளை. தன் பெரியவரை நாற்காலியில் தூக்கிச் சென்றதை அறியாமல் உறங்கிக்கொண்டிருந்தான்.

இன்று மாலை விளக்கேற்றும் முன் உங்கள் வீட்டில் உள்ளவர்களிடம், குறிப்பாக வயது முதிர்ந்தோரிடமும் பெண்களிடமும், ஒரு கேள்வி கேளுங்கள்: மின்சாரம் நின்றால் முதலில் எது இயங்க வேண்டும்? நான் இன்வெர்ட்டர் வாங்கிய நாளில் என் உம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். அவர்களிடம் நான் கேட்கவில்லை.